காய்கறிப் பங்குக்காகச் சங்கிலியை அடகு வைக்கலாமா?

கேள்வி: மதுரை கே.கே.நகரில் வசிக்கிறோம். கணவரின் தம்பி வாடிப்பட்டிப் பக்கம் இயற்கை முறையில் காய்கறி பயிரிடுகிறார். 36,000 ரூபாய் முன்பணம் கட்டினால், விளைவதில் எங்கள் பங்கை வாரம் ஒரு பெட்டியாக 48 வாரம் தருவதாகச் சொல்கிறார். பிள்ளைகளுக்கு நஞ்சில்லாத காய் கிடைக்குமே என்று எனக்கும் ஆசை. என் சங்கிலியை அடகு வைத்து, மாதம் 3,500 ரூபாய் கட்டி மீட்டுவிடலாம் என்கிறார் கணவர். நான்கு ஆண்டுகளுக்கு முன் கொழுந்தனின் ஆழ்துளைக் கிணற்றுக்காக 1,20,000 ரூபாய்க்கு வைத்த வளையல்களையே இன்னும் மீட்கவில்லை. 18 சதவீத வட்டியை மட்டும் ஆண்டுதோறும் கட்டித் திருப்பி வைக்கிறோம். அவர் அதைக் கடனாகத்தான் வாங்கினார்; கேட்கச் சங்கடமாக இருக்கிறது. பங்கில் சேரலாமா?

பதில்: சேருங்கள், அம்மா. ஆனால் சங்கிலி உங்கள் கழுத்திலேயே இருக்கட்டும்.

முன்பணம் கேட்பதில் தவறில்லை. விதைக்கும் கூலிக்கும் அறுவடைக்கு முன்பே பணம் வேண்டும். அதை உறுப்பினர்கள் தந்தால் விவசாயி கந்துவட்டிக்குப் போக வேண்டியதில்லை. பதிலுக்கு மழையிலும் பூச்சியிலும் உங்களுக்கும் பங்கு உண்டு. தை மாதம் அவரையும் மொச்சையும் குவியும். கார்த்திகை அடைமழையில் தக்காளி அழுகினால் பெட்டி இளைத்துத்தான் வரும். அந்த நஷ்டத்தைச் சொந்தப் பணம் தாங்கும், அடகுப் பணம் தாங்காது. வழக்கம்போல வட்டியை மட்டும் கட்டினால் முதல் ஆண்டிலேயே 6,480 ரூபாய் கூடும். 750 ரூபாய்ப் பெட்டி 885 ரூபாய் ஆகிவிடும்.

உங்களைக் கரைப்பது காய்கறிச் செலவு அல்ல, திருப்பி வைக்கும் பழக்கம். 1,20,000 ரூபாய்க்கு ஆண்டு வட்டி 21,600. நான்கு ஆண்டில் 86,400 ரூபாய் போய்விட்டது, அசல் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. அந்தக் கடனை வாங்கியவரே இப்போது உங்களிடம் முன்பணம் கேட்கிறார்!

வாரம் 375 ரூபாய்க்கு அரைப் பெட்டி அனுப்பச் சொல்லுங்கள். ஆண்டுக்கு 18,000 ரூபாய் ஆகிறது. அதைக் கிணற்றுக் கடனில் கழித்துக்கொள்ளலாம். அவர் ரொக்கம் தேட வேண்டாம், நீங்களும் கொடுக்க வேண்டாம். இதை நீங்கள் பேசாதீர்கள். தம்பியிடம் அண்ணன் பேசட்டும், கழிப்பதை ஒரு நோட்டில் எழுதி இருவரும் கையெழுத்திடட்டும்.

மாதக் கணக்கில் பார்த்தால், காய்கறிச் செலவில் இப்படி மிஞ்சும் 1,500, சங்கிலிக்காக ஒதுக்க நினைத்த 3,500, இப்போது கட்டும் வட்டி 1,800. மாதம் 6,800 ரூபாயை அடகுக் கடையில் கட்டினால், இதே 18 சதவீதத்திலும் ஏறக்குறைய 21 மாதத்தில் வளையல்கள் வீடு வந்துவிடும். ஒவ்வொரு முறையும் எவ்வளவு அசலில் வரவு வைத்தார்கள் என்று ரசீதில் பாருங்கள். இது மிக முக்கியம்.

பெட்டியின் மதிப்பை அளக்க நீங்கள் அலைய வேண்டியதில்லை. தமிழகத்தின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று உங்கள் பக்கத்து அண்ணா நகரில்தான் திறக்கப்பட்டது. அங்குள்ள விலைப்பலகையோடு சில வாரங்கள் ஒப்பிடுங்கள். இயற்கைக் காய்க்குச் சற்றுக் கூடுதல் விலை தரலாம், இரு மடங்கு தர வேண்டாம்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். விளைநிலத்தில் பங்கு, மாதாமாதம் உறுதியான வருமானம் என்று இப்போது விளம்பரங்கள் பெருகிவிட்டன. காய்கறிப் பங்குக்குக் கிடைக்க வேண்டியது காய்கறிதான். கொழுந்தனே நாளை லாப சதவீதம் பேசினாலும் மறுத்துவிடுங்கள். மாத வருமானத்தை நம்பி ஈமு கோழியில் பணம் போட்டவர்கள் 2012இல் கொங்குப் பகுதியில் ஏமாந்து பட்ட பாடு போதும்.

முழுப் பெட்டியைப் பற்றி வளையல்கள் கைக்கு வந்த பிறகு யோசிக்கலாம்.