பாஸ் இருக்கிறது, இருக்கை எங்கே?

கேள்வி: நானும் மனைவியும் 9 வயது மகளும் ஜூனில் பாரிஸ், சூரிக், மிலான், வெனிஸ் என்று சுற்றத் திட்டமிட்டு யூரெயில் பாஸ் வாங்கிவிட்டோம். பாரிஸ் – சூரிக் ரயிலில் பாஸ்காரர்களுக்கு இடமில்லை என்கிறார்கள். அதே ரயிலில் முழு டிக்கெட் கிடைக்கிறது. பணம் கட்டி பாஸ் வாங்கிய பிறகு இது என்ன நியாயம்? (கோவை வாசகர்)

பதில்: உங்கள் கோபம் புரிகிறது. பாஸை விற்கும்போதே பெரிய எழுத்தில் சொல்லியிருக்க வேண்டிய விஷயம் இது. யூரெயில் பாஸ் என்பது ஐரோப்பாவின் பல நாட்டு ரயில்களில், குறிப்பிட்ட எண்ணிக்கை நாட்களுக்குப் பயணம் செய்யும் உரிமை மட்டும்தான். இருக்கை அதில் அடங்காது. நம் ஊரில் சீசன் டிக்கெட் வைத்திருப்பவர் ரிசர்வேஷன் பெட்டியில் போய் உட்கார முடியாதல்லவா, கிட்டத்தட்ட அந்தக் கதைதான்.

பிரான்சின் டிஜிவி (உங்கள் பாரிஸ் – சூரிக் ரயில் இதுதான்), லண்டன் போகும் யூரோஸ்டார், இத்தாலியின் ஃபிரெச்சாரோசா, ஸ்பெயினின் ஏவிஇ ஆகிய அதிவேக ரயில்களில் இருக்கை முன்பதிவு கட்டாயம். டிஜிவியும் யூரோஸ்டாரும் பாஸ்காரர்களுக்கென்று குறிப்பிட்ட அளவு இடங்களையே ஒதுக்குகின்றன. அது தீர்ந்துவிட்டால் ரயிலில் காலி இருக்கை இருந்தாலும் உங்களுக்குத் தர மாட்டார்கள். கோடையில் அது சீக்கிரமே தீர்ந்துவிடும். அதனால் பாஸை வாங்கும் முன்பே இந்த ரயில்களில் இடம் இருக்கிறதா என்று பார்த்துவிடுவதுதான் சரியான வரிசை.

சரி, இப்போது என்ன செய்யலாம்? முதலில் வேறு நேரத்து ரயில், முன்பின் ஒரு நாள் என்று தேடுங்கள். கிடைக்காவிட்டால் பாரிஸ் எஸ்ட் நிலையத்திலிருந்து பிரான்சின் மூலூஸ் நகரம் வரை பிராந்திய ரயில், அங்கிருந்து சுவிட்சர்லாந்தின் பாசல், பிறகு சூரிக். முன்பதிவே வேண்டாம். டிஜிவியில் நான்கு மணி நேரத்தில் போவது இதில் ஏழு மணி நேரம் போல ஆகும். குழந்தையோடு அது சிரமம் என்றால், அந்த ஒரு பயணத்துக்கு மட்டும் முழு டிக்கெட் எடுத்துவிட்டு பாஸ் நாளை வேறு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட் விலை ஏறுவதற்குள் முடிவெடுங்கள்.

சூரிக்கிலிருந்து மிலானுக்கு யூரோசிட்டி என்ற நேரடி ரயிலிலும் எல்லை தாண்ட முன்பதிவு கேட்பார்கள். ஒரு முழுப் பகலை ஒதுக்க முடியுமானால் நான் வேறு வழி சொல்வேன். சூரிக்கிலிருந்து கூர் என்ற ஊர், அங்கிருந்து செயின்ட் மோரிட்ஸ் பக்கமாக மலை ஏறி, 2,253 மீட்டர் உயரத்தில் பெர்னினா கணவாயைக் கடந்து இத்தாலியின் திரானோவில் இறங்குங்கள். அங்கிருந்து மிலானுக்குப் பிராந்திய ரயில் இருக்கிறது. பெர்னினா எக்ஸ்பிரஸ் என்ற சுற்றுலா ரயிலுக்கு இருக்கைக் கட்டணம் தனி. ஆனால் அதே தண்டவாளத்தில், அதே பனிமலைகளையும் பாலங்களையும் காட்டிக்கொண்டு சாதாரண சிவப்பு ரயில்களும் ஓடுகின்றன. அவற்றுக்கு பாஸ் மட்டும் போதும். யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் 2008இல் சேர்ந்த பாதை இது. மகளுக்கு ஜன்னலோரம் பிடித்துக்கொடுங்கள்.

அப்புறம் மகளைப் பற்றி ஒன்று. 4 முதல் 11 வயது வரை குழந்தைகளுக்குப் பெரியவருடன் பாஸ் இலவசம், ஆனால் இருக்கைக் கட்டணம் இலவசமில்லை. மிலான் – வெனிஸ் ஃபிரெச்சாரோசாவில் ஆளுக்கு 10 யூரோவுக்கு மேல். மூன்று பேருக்கும் கணக்குப் போடுங்கள். வெரோனாவில் மாறிச் செல்லும் பிராந்திய ரயிலில் இந்தச் செலவு இல்லை, நேரம்தான் ஒரு மணி வரை கூடும். யூரெயில் தளத்தில் முன்பதிவு செய்தால் சேவைக் கட்டணமும் சேரும். யூரெயிலின் ரயில் பிளானர் செயலியில் முன்பதிவு கட்டாயமில்லாத ரயில்களை மட்டும் காட்டச் சொல்லித் தேடலாம், தினமும் பயன்படும்.

கேள்வி: ஜெர்மனியில் முன்பதிவு தேவையில்லை என்கிறார்கள். இருந்தும் பணம் கொடுத்து இருக்கை போடலாமா?

பதில்: வெள்ளி, ஞாயிறு மாலைகளில் கட்டாயம் போடுங்கள். ஐசிஇ என்ற ஜெர்மன் அதிவேக ரயிலில் இரண்டாம் வகுப்புக்கு 5 யூரோவை ஒட்டித்தான் ஆகும். பெட்டிகளோடு நான்கு மணி நேரம் வழியில் நிற்பதைவிட அது எவ்வளவோ மேல். ரயில் கிளம்பிய 15 நிமிடத்துக்குள் உங்கள் இருக்கையில் உட்கார்ந்துவிடுங்கள். தாமதித்தால் உரிமை போய்விடும். ஆனால் ஜெர்மனியிலிருந்து பாரிஸ் போகும் ஐசிஇ, டிஜிவியில் முன்பதிவு கட்டாயம்.

கேள்வி: இரவு ரயிலுக்கு பாஸில் இரண்டு நாள் கழியுமா?

பதில்: கழியாது, ஏறும் நாள் மட்டுமே கணக்கு. படுக்கைக்குத் தனிக் கட்டணம் உண்டு. காலையில் இறங்கி, அதே பாஸில் வேறொரு ரயில் ஏறினால் அது இன்னொரு நாள்.