ரிஜெக்ஷன் பீஸை மட்டும் எண்ணி முடிவெடுக்கலாமா?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் உற்பத்தி மேலாளராக இருக்கிறேன். கடந்த இரண்டு மாதங்களில் இறுதிச் செக்கிங்கில் 1,840 பீஸ்கள் ரிஜெக்ட் ஆகியுள்ளன. அவற்றில் 1,180 பீஸ்கள் ஒரு கான்ட்ராக்டரின் ஆட்கள் தைக்கும் லைன்களில் வந்தவை. 660 பீஸ்கள்தான் எங்கள் சொந்த லைன்களில் வந்தவை. பெரும்பாலும் தையல் ஓரத்தில் ஊசி ஓட்டை. கான்ட்ராக்டரை மாற்றிவிடலாம் என்கிறார் முதலாளி. வெள்ளிக்கிழமை கூட்டத்தில் முடிவெடுக்க வேண்டும். அந்தக் கான்ட்ராக்டர் எனக்கு 8 ஆண்டுப் பழக்கம். அவர் மீது தவறு இருக்காது என்றுதான் மனம் சொல்கிறது. அண்மையில் ஒரு பயிற்சி வகுப்பில் ‘கிரிட்டிக்கல் திங்கிங்’ பற்றிக் கேட்டேன். இப்படிப்பட்ட ஒரு முடிவில் அதை எப்படிப் பயன்படுத்துவது?

பதில்: உங்கள் கடிதத்தில் 1,180, 660 என்று இரண்டு எண்கள் இருக்கின்றன. அந்த இரண்டு மாதங்களில் கான்ட்ராக்டரின் லைன்கள் மொத்தம் எத்தனை பீஸ் தைத்தன, சொந்த லைன்கள் எத்தனை தைத்தன என்ற கணக்கு அதில் இல்லை. அது தெரியாத வரை 1,180 என்பது அதிகமா குறைவா என்று உங்களாலோ முதலாளியாலோ சொல்ல முடியாது. நீங்கள் வகுப்பில் கேட்ட சொல்லைத் தமிழில் ‘விமர்சனச் சிந்தனை’ என்று எழுதுகிறார்கள். அந்தப் பெயராலேயே, அடுத்தவர் பேச்சில் குற்றம் காண்பதுதான் அது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள் என்பது என் நெடுநாள் வருத்தம். நம்மை ஒரு முடிவின் பக்கம் இழுக்கும் ஆதாரம் எது, அதில் விடுபட்டது எது என்று சற்று நின்று பார்க்கும் பழக்கத்தையே நான் அந்தச் சொல்லால் குறிப்பிடுவேன். உங்கள் விஷயத்தில் விடுபட்டது, நல்லபடியாகத் தைக்கப்பட்டு வெளியே போன பீஸ்களின் கணக்கு.

விளங்குவதற்காக நானே சில எண்களை வைத்துப் பார்க்கிறேன். கான்ட்ராக்டரின் லைன்கள் 42,000 பீஸ், சொந்த லைன்கள் 28,000 பீஸ் தைத்ததாக வைத்துக்கொள்வோம். இப்போது ரிஜெக்ஷன் விகிதம் அவருக்கு 2.8 சதவீதம், உங்களுக்கு 2.4 சதவீதம். ஏறக்குறைய இரண்டு மடங்காகத் தெரிந்த வித்தியாசம் அரை சதவீதத்துக்குள் வந்துவிட்டது. இன்னும் ஒரு படி போய், துணி வாரியாகப் பிரிப்போம். அவர் தைத்த 42,000 பீஸில் 30,000 லைக்ரா கலந்த மெல்லிய துணி, அதில் 1,020 ரிஜெக்ட். 12,000 சாதாரணப் பருத்தித் துணி, அதில் 160 ரிஜெக்ட். உங்கள் லைன்களில் லைக்ரா 14,000, ரிஜெக்ட் 490. சாதாரணத் துணி 14,000, ரிஜெக்ட் 170. வகுத்துப் பார்த்தால் லைக்ராவில் அவருக்கு 3.4, உங்களுக்கு 3.5, சாதாரணத் துணியில் அவருக்கு 1.3, உங்களுக்கு 1.2. இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தைத்திருக்கிறார்கள். கஷ்டமான துணி யாருக்கு அதிகம் போனது என்பதில்தான் வேறுபாடு. உங்கள் உண்மைக் கணக்கு இப்படித்தான் வரும் என்று நான் சொல்லவில்லை. நேர் எதிராகவும் வரலாம். ஆனால் அதே 1,180 என்ற எண்ணுக்குள் இப்படியொரு நிலைமையும் ஒளிந்திருக்க முடியும் என்பதால், பிரித்துப் பார்க்காமல் ஒரு மனிதரின் பிழைப்பை முடிவு செய்வது தவறு என்று உறுதியாகச் சொல்கிறேன்.

விடுபட்ட வரிகள் எவ்வளவு பெரிய கேடு செய்யும் என்பதற்கு நான் எப்போதும் எடுத்துச் சொல்வது அமெரிக்காவின் சேலஞ்சர் விண்வெளி ஓடத்தின் கதை. 1986 ஜனவரி 27 இரவு, மறுநாள் காலை கடுங்குளிராக இருக்கும் என்று தெரிந்ததும், ராக்கெட்டின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் அந்தக் குளிரில் சரியாக வேலை செய்யுமா என்று தொலைபேசிக் கூட்டத்தில் விவாதித்தார்கள். தயாரிப்பு நிறுவனமான மார்ட்டன் தையோக்காலின் பொறியாளர்கள் ஏவ வேண்டாம் என்றார்கள். ஆனால் முந்தைய பயணங்களில் வளையம் பாதிக்கப்பட்டவற்றை மட்டும் பார்த்தபோது, சுமார் 12 டிகிரி செல்சியஸ் குளிரிலும் பாதிப்பு இருந்தது, 24 டிகிரியிலும் இருந்தது. எனவே குளிருக்கும் பாதிப்புக்கும் தொடர்பில்லை என்பது போலத் தோன்றியது. பாதிப்பே இல்லாமல் போய்வந்த பயணங்களையும் சேர்த்துப் பார்த்த பிறகு, விபத்தை விசாரித்த ரோஜர்ஸ் ஆணையம் வேறு ஒரு படத்தைக் கண்டது. சுமார் 19 டிகிரியும் அதற்கு மேலும் இருந்த 20 பயணங்களில் 3இல் மட்டுமே பாதிப்பு. சுமார் 17 டிகிரியும் அதற்குக் கீழும் இருந்த 4 பயணங்களில் நான்கிலுமே பாதிப்பு. அந்த இரவில் நிர்வாகிகள் பொறியாளர்களின் பேச்சைத் தள்ளிவைத்து ஏவச் சம்மதித்தார்கள். மறுநாள் ஏவப்பட்ட 73 விநாடிகளில் ஓடம் சிதறி 7 பேர் இறந்தார்கள். அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள் விவரம் அறியாதவர்கள் அல்லர். விடுபட்ட பயணங்களின் தகவலும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அதைக் கேட்டு வாங்கி ஒரே படத்தில் சேர்த்துப் பார்க்க அந்த நேரத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

உங்கள் கணக்குக்குத் திரும்புவோம். ரிஜெக்ஷன் உண்மையிலேயே கூடியிருக்கிறதா, அல்லது பிடிபடுவது கூடியிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். இரண்டு மாதத்துக்கு முன் செக்கிங்கில் புது ஆள் சேர்ந்தாரா, பையரின் கியூசி (வாங்கும் நிறுவனத்தின் தரப் பரிசோதகர்) கண்டிப்பைக் கூட்டினாரா, செக்கிங் டேபிளுக்கு மேல் புது லைட் போட்டீர்களா என்று கேளுங்கள். கான்ட்ராக்டரின் பீஸ் என்று தெரிந்து செக் செய்பவர் கூடுதல் கவனத்தோடு பார்ப்பதும் மனித இயல்பு. 50 பீஸ்களை எடுத்து, எந்த லைனில் தைத்தது என்று தெரியாதபடி அடையாளத்தை மறைத்து, இரண்டு செக்கர்களிடம் தனித்தனியாகக் கொடுத்துப் பாருங்கள். இருவரும் ஒதுக்கும் பீஸ்கள் வெவ்வேறாக இருந்தால், நீங்கள் இதுவரை நம்பிக்கொண்டிருந்த அளவுகோலே சரியில்லை என்று பொருள்.

அடுத்து, கணக்கை மூடிவிட்டுத் துணியைக் கையில் எடுங்கள். ரிஜெக்ட் ஆன பீஸில் 40ஐ டேபிளில் பரப்பி, தையல் ஓரத்தை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துப் பாருங்கள். தையல் நெடுகிலும் சீரான இடைவெளியில் கண்ணி அறுந்திருந்தால், ஊசியையும் துணியையும்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பின்னல் துணிக்கு நூலை விலக்கிக்கொண்டு இறங்கும் உருண்டை முனை ஊசிதான் பொருத்தம். முனை மழுங்கிய ஊசியும், துணிக்குத் தடிமனான ஊசியும் நூலையே அறுத்துவிடும். பதமாக்கும் கட்டத்தில் சாஃப்ட்னர் குறைந்துபோன துணியும் அப்படித்தான்: கையில் தொட்டாலே வறட்சியாக இருக்கும், எந்த டெய்லர் தைத்தாலும் ஓட்டை விழும். தோளும் கையும் சேரும் இடம் போலத் துணி தடிக்கும் இடங்களில் மட்டும் ஓட்டை இருந்தால், மெஷினின் வேகத்தையும் டெய்லர் துணியை இழுக்கும் விதத்தையும் பார்க்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு பீஸுக்கும் பண்டில் டிக்கெட்டை, அதாவது வெட்டிய துணிக்கட்டோடு வரும் சீட்டைத் தேடி, சாய லாட் எண்ணை, அதாவது ஒரே தடவையில் சாயமேற்றிய துணித் தொகுதியின் எண்ணைப் பக்கத்தில் எழுதிவையுங்கள். நாற்பதில் முப்பது ஒரே லாட்டில் வந்து, மொத்தக் கட்டிங்கில் அந்த லாட்டின் பங்கு மிகக் குறைவாகவும் இருந்தால், உங்கள் விசாரணை தையல் ஹாலிலிருந்து டையிங் பக்கம் திரும்ப வேண்டும்.

இதற்குப் பிறகும் சந்தேகம் நின்றால் ஒரு சோதனை செய்யலாம். ஒரே சாய லாட்டில் ஒரே ஸ்டைலை வெட்டி, பாதிப் பண்டில்களை அவர் லைனுக்கும் பாதியை உங்கள் லைனுக்கும் கொடுங்கள். இரு பக்கமும் புது ஊசி, ஒரே ஊசி எண். ஒரு எச்சரிக்கை: பக்கத்துக்கு 300 பீஸ் தைத்து 9க்கும் 13க்கும் வித்தியாசம் வந்தால் அதை வைத்து எதுவும் சொல்லாதீர்கள், அந்த அளவு தற்செயலாகவே வரும். பக்கத்துக்கு 1,500 பீஸாவது தைத்துப் பாருங்கள்.

இனி உங்களைப் பற்றி ஒரு வார்த்தை. கோபப்பட மாட்டீர்கள் என்று நம்புகிறேன். முதலாளி ஒரு முடிவோடு கணக்கைப் பார்க்கிறார் என்றால், 8 ஆண்டுப் பழக்கத்தோடு நீங்களும் ஒரு முடிவோடுதான் பார்க்கிறீர்கள். மேலே நான் சொன்ன ஒவ்வொரு வழியையும் கான்ட்ராக்டரைக் காப்பாற்றும் ஆயுதமாக நீங்கள் பயன்படுத்திவிட முடியும்: சாதகமான கணக்கு வந்ததும் நிறுத்திவிடுவது, பாதகமாக வந்தால் இன்னொரு விதமாகப் பிரித்துப் பார்ப்பது. 1960இல் உளவியலாளர் பீட்டர் வேசன் 2, 4, 6 என்ற எண் வரிசையைக் கொடுத்து, அதன் பின்னால் உள்ள விதியைக் கண்டுபிடிக்கச் சொன்னார். ‘இரண்டிரண்டாகக் கூடுகிறது’ என்று நினைத்தவர்களில் பலர், 8, 10, 12 போலத் தங்கள் எண்ணத்துக்கு ஒத்துவரும் வரிசைகளையே சொல்லிச் சொல்லிச் சரிபார்த்தார்கள். ஒத்துவராத ஒன்றைச் சொல்லிச் சோதிக்க மனம் வரவில்லை. ஏறுவரிசையில் எந்த மூன்று எண்களும் பொருந்தும் என்பதுதான் விதி. ஆகவே கணக்கு கைக்கு வருவதற்கு முன்பே, எந்த முடிவு வந்தால் கான்ட்ராக்டர் மீதுதான் தவறு என்று ஒப்புக்கொள்வீர்கள் என்பதை ஒரு தாளில் தேதியோடு எழுதுங்கள். ‘ஒரே லாட், ஒரே ஸ்டைல், 1,500 பீஸில் அவர் லைனின் ரிஜெக்ஷன் நம்முடையதைப் போல ஒன்றரை மடங்கைத் தாண்டினால்’ என்பது போல எண்ணாகவே எழுதுங்கள். பிறகு அந்த எல்லையை நகர்த்தாதீர்கள்.

எல்லா முடிவுக்கும் இவ்வளவு பாடு தேவையில்லை. ஊசி மாற்றுவது போன்றவற்றில் தவறு செய்தால் மறுநாளே திருத்திக்கொள்ளலாம். அவற்றை யோசித்துக்கொண்டிருக்காமல் இன்றைக்கே செய்துவிடுங்கள். கான்ட்ராக்டரை அனுப்புவது அப்படிப்பட்டதல்ல. அவரோடு டெய்லர்களும் போவார்கள், ஷிப்மென்ட் நெருக்கத்தில் வேறு ஆட்கள் கிடைப்பது அரிது, குற்றம் துணியில் இருந்தால் புது ஆட்களின் கையிலும் அதே ஓட்டை விழும். கேரி கிளைன் என்ற ஆய்வாளர் 2007இல் எழுதிப் பரவலாக்கிய ஒரு முறை இந்த இடத்தில் உதவும்: முடிவெடுத்து மூன்று மாதம் ஆகிவிட்டது, அது படுதோல்வி அடைந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு, என்ன காரணத்தால் தோற்றது என்று கூட்டத்தில் இருக்கும் ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுதித் தர வேண்டும். வாய்விட்டு எதிர்த்துப் பேசத் தயங்கும் சூப்பர்வைசரும் கட்டிங் மாஸ்டரும் தாளில் எழுதிவிடுவார்கள்.

முதலாளியிடம் எப்படிப் பேசுவது என்பதையும் யோசித்துக்கொண்டு போங்கள். “உங்கள் கணக்கு தப்பு” என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். “சார், லாட் வாரியாகப் பிரித்துக் கொண்டுவந்திருக்கிறேன். ஒரே துணியிலும் அவர் லைனில்தான் அதிகம் என்று சோதனையில் தெரிந்தால், மாற்றலாம் என்று நானே சொல்கிறேன்” என்று சொல்லிப் பாருங்கள்; நீங்கள் ஒரு பக்கம் சாயவில்லை என்பது அவருக்கு உடனே புரியும். வெள்ளிக்கிழமைக்குள் சோதனையை முடிக்க நேரம் இருக்காது என்றே நினைக்கிறேன். உற்பத்தி, துணி, லாட் வாரியான கணக்கையும் செக்கர்களின் ஒப்பீட்டையும் மட்டும் கூட்டத்தில் வைத்து, சோதனைக்கு 10 நாள் அவகாசம் கேளுங்கள். என்ன முடிவானாலும், அதற்கான காரணத்தையும் அதனால் ரிஜெக்ஷன் எவ்வளவுக்குக் குறையும் என்ற எதிர்பார்ப்பையும் மறுபடி கூடிப் பார்க்கும் தேதியையும் ஒரே தாளில் எழுதி, உங்கள் கையெழுத்துக்குக் கீழே முதலாளியின் கையெழுத்தையும் வாங்கிக் கோப்பில் வையுங்கள்.