ராமநாதபுரம் கரையில் கடல் வரலாற்றை எங்கே பார்க்கலாம்?

ராமேஸ்வரம் வரும்போது பிள்ளைகளுக்குப் பழைய கடல் வாணிபத்தை எங்கே காட்டலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் ராமநாதபுரத்தில் இறங்குங்கள். அரண்மனையில் உள்ள ராமலிங்க விலாசம் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம். ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதி மன்னர்கள் காலச் சுவரோவியங்களுக்காகவே போகலாம்.

வைகை கடலில் சேரும் இடத்துக்கு அருகே இருக்கிறது அழகன்குளம், பழைய துறைமுகம். அகழாய்வில் ரோமானியக் காசுகள் கிடைத்தன, கப்பல் உருவம் கீறிய பானை ஓடும் கிடைத்தது. எனக்கு அந்த ஓடுதான் பெரிது. கப்பலைக் கண்ணால் பார்த்த ஒருவர் கை கீறிய கோடாகவே அது எனக்குத் தோன்றும். பிள்ளைகளிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

அப்புறம் பாம்பன். 1914இல் திறந்த பழைய ரயில் பாலத்தின் நடுப்பகுதியை ஆட்கள் கையால் இயக்கித் தூக்கிக் கப்பலுக்கு வழிவிட்டார்கள். தனுஷ்கோடியிலிருந்து 1964 டிசம்பர் புயல் வரை இலங்கையின் தலைமன்னாருக்குக் கப்பல் போனது. தனுஷ்கோடி போனால் இருட்டுவதற்குள் திரும்பிவிடுங்கள்.