கட்சி பேனரைக் கூர்ந்து பார்க்கும் மகளுக்கு என்ன படிப்பு?

மும்பை செம்பூரிலிருந்து கேட்டிருக்கும் அம்மாவுக்கு,

பிளஸ் டூ காமர்ஸ் படிக்கும் மகள், கொடியும் சின்னமும் போஸ்டரும் மக்களின் அரசியலை எப்படி உருவாக்குகின்றன என்று படிக்க ஆசைப்படுகிறாள். இது சோறு போடுமா என்பது உங்கள் கவலை. போடும். ஆனால் டிசைனை முதலில் தொழிலாகக் கற்கட்டும், அரசியல் படிப்பு அதற்குப் பிறகு வரட்டும்.

அவள் ஆசையை விளையாட்டு என்று தள்ளாதீர்கள். எழுதப் படிக்கத் தெரியாத வாக்காளர்களுக்காக 1951-52 தேர்தலிலேயே சின்னங்கள் வந்துவிட்டன. 1989-ல் இரட்டை இலை முடங்கி, சேவலும் இரட்டைப் புறாவும் மோதிய கதை உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கே தெரியும். 2022-ல் மகாராஷ்டிரத்தில் சிவசேனா பிளந்து, அதன் வில் அம்பு சின்னம் முடங்கியபோது, உத்தவ் தாக்கரே அணி தீப்பந்தத்தைப் புதிதாக மக்கள் மனதில் பதிய வைக்க வேண்டியிருந்தது. தலைவர் அப்படியே இருந்தும், ஒரு படம் போனால் அவ்வளவு பாடு.

பவாய் ஐஐடியின் டிசைன் பள்ளியான ஐடிசியில் பி.டெஸ். என்ற டிசைன் இளநிலைப் பட்டம் 4 ஆண்டு. அதற்கான யூசீட் (UCEED) நுழைவுத் தேர்வை காமர்ஸ் மாணவர்களும் எழுதலாம். தொடர்ந்து வரும் 2 ஆண்டுகளில் 2 முறைதான் வாய்ப்பு. கணினியில் எழுதும் முதல் பகுதி 200 மதிப்பெண், கையால் வரையும் இரண்டாம் பகுதி 100. பிள்ளைகள் சறுக்குவது முதல் பகுதியில். அதில் தேறாவிட்டால் வரைந்த தாளைத் திருத்தவே மாட்டார்கள். படம் மட்டுமே வரைந்து பழகியவர்கள் தர்க்கம், கூர்ந்து கவனித்தல், வடிவங்களை மனதுக்குள் திருப்பிப் பார்த்தல் ஆகியவற்றுக்கு தினமும் நேரம் ஒதுக்க வேண்டும்.

யூசீடுக்கு போர்ட்ஃபோலியோ தேவையில்லை; பின்னால் எம்.டெஸ். (டிசைன் முதுநிலை), இன்டர்ன்ஷிப் என்று போகும்போது வேண்டும். இப்போதே தொடங்கலாம். தாராவியிலோ சயனிலோ உள்ள 10க்கு 8 அடி ஃபிளெக்ஸ் ஒன்றை நேர் எதிரே நின்று படம் எடுக்கட்டும். அதன் மேல் 80 கட்டம் போட்டு, தலைவர் முகத்துக்கு எத்தனை, வட்டச் செயலாளருக்கு எத்தனை, கோரிக்கை வாசகத்துக்கு எத்தனை என்று எண்ணட்டும். யார் பார்வை நம்மை நோக்கி, யார் பார்வை மேல்நோக்கி, யார் கைகூப்பி நிற்கிறார் என்பதையும் குறிக்கட்டும். கட்சியின் அதிகார அடுக்கு தாளில் இறங்கிவிடும். பிறகு ஒன்றை மட்டும், உதாரணமாக முகத்தின் அளவை மட்டும், மாற்றி வரைந்து ஐந்தாறு பேரிடம் காட்டி, அவர்கள் சொன்னதை எழுதி வைக்கட்டும். எதிரெதிர்க் கட்சிகளின் பேனர்களையும் இதே அளவுகோலில் பார்க்க வேண்டும். பிடித்த தலைவரைப் புகழும் போஸ்டர்களாகவே நிரப்பினால் அது ரசிகர் ஆல்பம், போர்ட்ஃபோலியோ ஆகாது.

டிகிரிக்குப் பிறகு டிஸ் (டாடா சமூக அறிவியல் நிறுவனம்) தரும் ஊடக, பண்பாட்டு ஆய்வுகளுக்கான எம்.ஏ. பொருத்தமானது. பத்திரிகை கிராஃபிக்ஸ், அருங்காட்சியகம், ஆய்வு, பிரச்சார நிறுவனம் எல்லாம் வழிகளே. பிரச்சார வேலை தேர்தல் சீசனோடு முடிந்துவிடும். அதை மட்டும் நம்பி மாதத் தவணை எதுவும் எடுக்கக் கூடாது.

ஒன்று இப்போதே தெரிந்திருக்கட்டும். தேர்தல் நோட்டீஸ், போஸ்டர் எதிலும் அச்சிடுபவர், வெளியிடுபவர் இருவரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவு. மீறினால் 6 மாதம் வரை சிறை அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும்கூட விதிக்கலாம். அந்த வரி இல்லாத டிசைனை யார் அவசரப்படுத்தினாலும் அச்சுக்கு அனுப்பக் கூடாது.