டெக்சாஸ்ல பனி வரப்போகுது, வீட்ட எப்படி காப்பாத்துறது? கேள்வி பதில்

வணக்கம்ங்க. வாரக்கடைசில 20 டிகிரிக்கு கீழ போகும்னு சொன்னதுல இருந்து எல்லாரும் கேட்டுட்டே இருக்கீங்க, அதான் மொத்தமா உக்காந்துட்டேன். நான் டாலஸ் பக்கம் வீடு இன்ஸ்பெக்‌ஷன் பண்றவன், 2021 பிப்ரவரிக்கு அப்புறம் பைப் வெடிச்ச வீடு நிறைய பாத்தவன். டிகிரி எல்லாம் ஃபாரன்ஹீட்லதான் சொல்றேன், 32ல தண்ணி உறையும்.

கேள்வி (ஃப்ரிஸ்கோ): அண்ணே, நாங்க சென்னைல இருந்து வந்து ஆறு மாசம்தான் ஆகுது. ரெண்டு நாள் பனிக்கு ஏன் இவ்ளோ பயம்? மினசோட்டால என் ஃப்ரெண்டு இதவிட பல மடங்கு பனில நிம்மதியா இருக்கான்.

பதில்: அவன் வீடு குளிர நெனச்சு கட்டினது தம்பி, நம்ம வீடு வெயில நெனச்சு கட்டினது. இங்க பேஸ்மென்ட் கிடையாது, தண்ணி பைப் கூரைக்கு அடியில இருக்கற அட்டிக்லயும் வெளிச்சுவருக்கு உள்ளயும் ஓடுது, பல வீட்ல வாட்டர் ஹீட்டரே அட்டிக்லதான். 2021 பிப்ரவரி 16 அன்னிக்கு டாலஸ் ஏர்போர்ட்ல மைனஸ் 2 வரைக்கும் போச்சு, செல்சியஸ்ல மைனஸ் 19. கேஸ் கிணறு, பவர் பிளான்ட் எல்லாம் உறைஞ்சு நின்னு 45 லட்சம் வீட்டுக்கு மேல கரண்ட் போச்சு, டெக்சாஸ் கிரிட், அதாவது கரண்ட் கொண்டுபோற லைன் வலைப்பின்னல், பெரும்பாலும் தனியா இருக்கறதால பக்கத்து ஸ்டேட்ல இருந்து பெருசா வாங்கவும் வழியில்ல. இன்னும் அஞ்சு நிமிஷத்துக்குள்ள மொத்த கிரிட்டும் விழுந்திருக்கும்னு அந்த கிரிட்ட நடத்தற எர்காட் அமைப்பே சொன்னாங்க. அரசாங்க கணக்குப்படியே 246 பேர் செத்துப்போனாங்க. அதுக்கப்புறம் பவர் பிளான்ட்டுங்கள குளிருக்கு தயார் பண்ணணும்னு சட்டம் வந்துச்சு, நல்லதுதான், ஆனா உங்க அட்டிக் பைப்ப எந்த சட்டமும் வந்து காப்பாத்தாது, அத நீங்கதான் பாக்கணும்.

கேள்வி (கேட்டி): குழாய சொட்டு சொட்டா விடணும்ங்கறாங்க, எந்த குழாய் சார்? சுடுதண்ணியா பச்சத்தண்ணியா?

பதில்: ரெண்டும். வெளிச்சுவர ஒட்டி இருக்கற குழாய் எல்லாத்தையும் மெல்லிசா நூல் மாதிரி ஓட விடுங்க, சிங்க் அடியில இருக்கற கதவ தொறந்து வைங்க, வீட்டு சூடு உள்ள போகட்டும். தண்ணி ஐஸ் ஆனா சுமார் 9 சதவீதம் பெருசாகும், ஐஸ் கட்டிக்கும் மூடின குழாய்க்கும் நடுவுல மாட்டின தண்ணில பிரஷர் ஏறித்தான் பைப் வெடிக்குது, குழாய் லேசா தொறந்திருந்தா அந்த பிரஷர் வெளிய வந்துடும். தோட்டத்து ஹோஸ் பைப்ப இன்னிக்கே கழட்டுங்க. குழாய்க்கு மாட்டற கவர் கடைல தீர்ந்துபோச்சுன்னா பழைய டவல சுத்தி பிளாஸ்டிக் கவர் போட்டு டேப் ஒட்டுங்க, போதும்.

இத விட முக்கியம், வீட்டுக்கு வர்ற மொத்த தண்ணியையும் நிறுத்தற மெயின் வால்வ் எங்க இருக்குன்னு இன்னிக்கு வெளிச்சத்துலயே கண்டுபிடிங்க. ரோட்டோரமா தரையில ஒரு மூடி போட்ட பெட்டிக்குள்ள இருக்கும், சில வீட்ல கராஜ் சுவர்லயும் இருக்கும். கரண்ட் ரொம்ப நேரம் போயி வீடு ஜில்லுன்னு ஆயிடுச்சுன்னா அத மூடி, வாட்டர் ஹீட்டரையும் நிறுத்திட்டு, எல்லா குழாயையும் தொறந்து பைப்ல இருக்கற தண்ணிய வடிச்சிடுங்க. அதுக்கு முன்னாடியே குடிக்க கேன்ல பிடிச்சு வைங்க, டாய்லெட்டுக்கு பாத்டப்ப ரொப்பிக்கோங்க.

கேள்வி (ஆஸ்டின்): அபார்ட்மென்ட்ல இருக்கோம், ஊர்ல இருந்து மாமனார் மாமியார் வந்திருக்காங்க, கைக்குழந்தை வேற. கரண்ட் போனா கேஸ் அடுப்ப எரியவிட்டு ஹால சூடாக்கலாமா அண்ணா?

பதில்: வேண்டவே வேண்டாம்மா. கேஸ் அடுப்ப தீக்குச்சில பத்தவச்சு கஞ்சியோ ரசமோ வச்சுக்கோங்க, உடனே அணைச்சிடுங்க. கரி அடுப்பு, பார்பெக்யூ எதையும் உள்ள கொண்டு வராதீங்க, கராஜ்ல கார ஓடவிட்டு உள்ள உக்காராதீங்க, ஜெனரேட்டர் வீட்ட விட்டு 20 அடி தள்ளி வெளியதான் இருக்கணும். இதுல எல்லாம் கார்பன் மோனாக்சைடுங்கற விஷ வாயு வரும், அதுக்கு வாசனையே கிடையாது, 2021ல குளிருக்கு பயந்து இப்படி பண்ணி குடும்பத்தோட போனவங்க இருக்காங்க. வீட்ல எல்லாருக்கும் ஒரே நேரத்துல தலவலி, வாந்தி வர்ற மாதிரி இருந்தா யோசிக்காம வெளிய வந்து 911 கூப்பிடுங்க.

எல்லாரும் ஒரே ரூம்ல படுங்க, கதவடியில துணிய அடைச்சு வைங்க, பெரியவங்களுக்கு குல்லா, சாக்ஸ் கட்டாயம். நமக்கு குளிரலையேன்னு அவங்களே சொல்வாங்க, நம்பாதீங்க, கையத் தொட்டுப் பாருங்க. குழந்தைக்கு மேல போர்வைய போடறத விட ரெண்டு மூணு அடுக்கு துணி போட்டு விடறது பாதுகாப்பு.

கேள்வி (இர்விங்): என் கார் ஃபோர் வீல் டிரைவ், ஆஃபீஸ் போலாம்ல?

பதில்: ஃபோர் வீல் டிரைவ் வண்டிய கிளப்ப உதவும், நிறுத்த உதவாது. இங்க பிரச்சனை பனி இல்ல, ரோட்டு மேல கண்ணுக்கே தெரியாம கண்ணாடியா படியற ஐஸ். 2021 பிப்ரவரி 11 காலைல ஃபோர்ட் வொர்த்ல ஐ-35 வெஸ்ட்ல நூத்துக்கும் மேல வண்டிங்க ஒண்ணு மேல ஒண்ணு மோதி 6 பேர் இறந்தாங்க. பாலத்துக்கு அடியிலயும் குளிர்காத்து போறதால பாலம்தான் முதல்ல உறையும். வீட்ல இருந்தே வேலை பாருங்க. அப்புறம் கண்ணாடில இருக்கற ஐஸுக்கு வெந்நி ஊத்தாதீங்க, விரிஞ்சிடும்.

கேள்வி (ஷுகர் லேண்ட்): கறிவேப்பிலை, முருங்கை ரெண்டும் வச்சிருக்கேன் அண்ணா, பொழைக்குமா?

பதில்: கறிவேப்பிலை தொட்டில இருந்தா இப்பவே உள்ள தூக்கிட்டு வாங்க, ஜன்னல் பக்கம் வைங்க, தண்ணி கம்மியா போதும். தரையில வச்சதுன்னா அடியில ஒரு அடி உயரத்துக்கு காஞ்ச இலையோ மல்ச்சோ குவிச்சு, மேல பழைய பெட்ஷீட்ட தரை வரைக்கும் போத்துங்க. முருங்கை மேல கருகிடும், மனசு விட்டுடாதீங்க, உடனே வெட்டிப் போடவும் செய்யாதீங்க. வேர் உறையலன்னா கோடைக்கு முன்னாடி அடியில இருந்து துளிர் விடும்.

கேள்வி (பிளேனோ): ஃப்ரிட்ஜ்ல இட்லி மாவு, மீன் எல்லாம் இருக்கு?

பதில்: கரண்ட் போனாலும் தொறக்காம இருந்தா ஃப்ரிட்ஜ் 4 மணி நேரம், நிறைஞ்ச ஃப்ரீசர் 48 மணி நேரம் தாங்கும்.

கேள்வி (ரவுண்ட் ராக்): வெயில் வந்துட்டா பிரச்சனை முடிஞ்சுதா?

பதில்: அப்பதாங்க பைப் விரிசல் வெளிய தெரியும், உறைஞ்சிருக்கற வரைக்கும் ஐஸே அடைச்சு வச்சிருக்கும். அன்னிக்கு வீட்ட பூட்டிட்டு எங்கயும் போகாதீங்க. மெயின் வால்வ கொஞ்சமா தொறந்து மேல சீலிங்க பாருங்க, சுவர்ல காது வச்சு கேளுங்க, தண்ணி சத்தம் வந்தா உடனே மூடுங்க. உறைஞ்ச பைப்ப ஹேர் டிரையரால குழாய் பக்கத்துல இருந்து ஆரம்பிச்சு மெதுவா சூடாக்குங்க, நெருப்பு காட்டாதீங்க. எங்கயாவது ஒழுகியிருந்தா துடைக்கறதுக்கு முன்னாடி ஃபோட்டோ எடுத்துடுங்க, இன்சூரன்ஸ்காரங்க கேப்பாங்க.