மூக்கு மாடலில் அழுத்த இழப்பு எகிறுதா? ஸ்கேனைப் பாருங்க

தம்பி, சிடி ஸ்கேன்ல இருந்து செஞ்ச மூக்கோட கம்ப்யூட்டர் மாடல்ல நிமிஷத்துக்கு 15 லிட்டர் காத்து விட்டா 90 பாஸ்கல் அழுத்த இழப்பு வருது, மெஷ்ஷை (கணக்குக்காக மாடலைப் பிரிக்கிற சின்னக் கட்டங்களை) நுணுக்கியும் குறையலைன்னு கேட்டிருக்கீங்க. கோளாறு சால்வர்ல (ஓட்டத்தைக் கணக்கிடுற மென்பொருள்ல) இல்லை. தருமபுரியில எடுத்த அந்த சிடி 5 மி.மீ. தடிமன் ஸ்லைஸ், மூக்குக்குள்ள காத்து போற சந்தே ஒண்ணு ரெண்டு மி.மீ.தான்! ஸ்கேனோட மூலத் தரவுல இருந்து 1 மி.மீ.க்குள்ள ஸ்லைஸா ரீகன்ஸ்ட்ரக்ட் பண்ணித் தரச் சொல்லுங்க. மூலத் தரவை ரொம்ப நாள் வெச்சிருக்க மாட்டாங்க, நாளைக்கே போங்க.

அடுத்தது த்ரெஷோல்டு, அதாவது ஸ்கேன்ல காத்தையும் சதையையும் பிரிக்கிற எல்லை. −700 ஹவுன்ஸ்ஃபீல்டுன்னு (சிடியோட அடர்த்தி அளவு) வெச்சா விளிம்புப் பிக்சலெல்லாம் சதையாயிடும், சந்து குறுகிடும். −400 பக்கம் வெச்சு, கீழ் டர்பினேட் (மூக்கோட பக்கச் சுவர்ல துருத்துற மடிப்பு) ஓரத்தை ஸ்லைஸ் ஸ்லைஸா கண்ணால சரிபாருங்க. இழப்பு சந்தோட அகலத்தின் முப்படிக்கு எதிர்விகிதம். 20% குறுகினாலே கிட்டத்தட்ட இரட்டிப்பு.

நாசித் துவாரத்துலயே இன்லெட் (மாடலுக்குள்ள காத்து நுழையுற எல்லை) வெக்காதீங்க. முகத்துக்கு முன்னால அரைக்கோளம் ஒட்டி, அங்க வளிமண்டல அழுத்தம் கொடுங்க. மாடல்ல இருந்து சைனஸை வெட்டிடலாம். இந்த ஓட்டத்துக்கு லாமினாரே (கொந்தளிப்பில்லாத சீரான ஓட்டக் கணக்கே) போதும்.