காப்ளினுக்கு மேஜையில் இடம் உண்டா?

வணக்கம் சார்,

நாங்கள் ஐந்து நண்பர்கள் சனிக்கிழமைகளில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) ஆடுகிறோம்; ஆளுக்கொரு கேரக்டராகப் பேசி, பகடை உருட்டிக் கதையை நடத்தும் மேஜை விளையாட்டு அது. நான்தான் டன்ஜன் மாஸ்டர், அதாவது அந்த உலகத்தையும் எதிரிகளையும் நடத்துபவன். போன மாதம் ஒரு நண்பனின் கேரக்டர் இறந்துவிட்டது. அடுத்ததாகக் காப்ளினாக, அதாவது குட்டையான ஓர் அரக்க இனத்தவனாக, வருகிறேன் என்கிறான். ட்வார்ஃபாக (குள்ளர் இனத்தவனாக) ஆடுபவனுக்கு இதில் உடன்பாடில்லை. “முதல் செஷனிலிருந்து காப்ளின்களைத்தான் வெட்டிக்கொண்டிருக்கிறோம், இப்போது ஒன்றைப் பக்கத்தில் உட்காரவைக்கச் சொல்கிறாயா?” என்று கேட்கிறான். இன்னொருவனோ, “பச்சைத் தோல் போர்த்திய குட்டை மனிதன்தானே, எதற்குச் சண்டை?” என்கிறான். இரண்டுமே சரியாகத் தோன்றுகிறது. அனுமதிக்கலாமா, தடுத்துவிடலாமா?

ர., கோயம்புத்தூர்

அன்புள்ள ர.,

அனுமதியுங்கள். ஆனால் ஒரே ஒரு ஆட்டக்காரருக்கு மட்டும் அனுமதி கொடுத்ததாக எண்ண வேண்டாம். ஒரு காப்ளின் பேரோடும் குரலோடும் உங்கள் மேஜையில் உட்கார்ந்துவிட்டால், உங்கள் உலகத்தில் இருக்கும் எல்லாக் காப்ளின்களுக்கும் பேர் உண்டு என்றாகிவிடும். குகைக்குள் புகுந்து நீங்கள் வெட்டித் தள்ளியவர்களுக்கும்தான். ட்வார்ஃபாக ஆடும் நண்பருக்கு உறுத்துவது இதுவாகத்தான் இருக்கும். அவருடைய உறுத்தலை நான் மதிக்கிறேன். ‘குட்டை மனிதன்தானே’ என்பவரைவிட இவர்தான் உங்கள் உலகத்தை நம்பி ஆடுகிறார்.

இந்தத் தகராறுக்கு விளையாட்டின் வயதுதான். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் வெளியிட்ட முதல் புத்தகங்களிலேயே, பலவீனமாகத் தொடங்கிப் படிப்படியாக வளரத் தயார் என்றால் யாரும் எதுவாகவும் ஆடலாம் என்று ஒரு சிறு குறிப்பு இருக்கிறது. டிராகனாக ஆட ஆசைப்பட்டால் இளம் டிராகனாகத் தொடங்க வேண்டும், அவ்வளவுதான். 1979இல் டன்ஜன் மாஸ்டர் கையேடு வந்தபோது கைகாக்ஸின் மனம் மாறியிருந்தது. இதற்கென்றே ஒரு பகுதி ஒதுக்கி, வேண்டாம் என்கிற தொனியில் எழுதினார். அரக்க கேரக்டர் கேட்பவர்களில் பலர், கூட இருப்பவர்களைவிட ஓங்கி நிற்க ஆசைப்பட்டே கேட்கிறார்கள் என்பது அவருடைய ஒரு காரணம். ஆடுபவர்கள் எல்லோரும் மனிதர்கள், ஆகவே ஓர் உலகத்தைக் கட்ட மனிதரை அடித்தளமாக வைப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும் என்பது இன்னொன்று.

முதல் காரணம் இன்றைக்கும் செல்லும். உங்கள் நண்பர் எதற்காகக் காப்ளின் கேட்கிறார் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். இரண்டாவது காரணத்தைப் படிக்கும்போதெல்லாம் அவர் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன், முடிவை மட்டும் ஏற்க முடியவில்லை. அரக்கர்களுக்கென்று ஒரு சமூகத்தை உருவாக்குவது கடினம்தான். அந்த வேலையைச் செய்யாமல் அரக்கனாக ஆடுவதில் என்ன இருக்கிறது?

அதற்குப் பின்வந்த பதிப்புகள் பெரும்பாலும் அந்த வேலையைத் தவிர்த்துவிட்டு எண்களில் கணக்குப் போட்டன. 3.5 என்ற பதிப்பின் விதிகளில் ஓகராக (பெரிய உருவ அரக்கனாக) ஆட நினைப்பவருக்கு உடம்புக்கு 4, கூடுதல் பலத்துக்கு 2 என்று ஆறு லெவல் (கேரக்டரின் வளர்ச்சிப் படிகள்) முதலிலேயே கழிந்துவிடும். பலத்துக்கு விலை வைத்தார்கள், சரி. அந்த ஓகர் எங்கே தூங்குவான், யாருக்குப் பயப்படுவான் என்பதை அந்த ஆறு லெவல் சொல்லாது. ஐந்தாம் பதிப்புக்காக 2016இல் வந்த வோலோ கையேட்டில் காப்ளின், கோபால்ட், ஓர்க் ஆகிய அரக்க இனங்கள் எல்லாம் ஆடக் கிடைத்தன. ஆனால் அங்கே ஓர்க் என்றால் அறிவில் இரண்டு குறைவு, கோபால்ட் என்றால் வலுவில் இரண்டு குறைவு. ஓர் இனத்தின் தனித்தன்மையைக் குறையாக எழுதிவைப்பது மோசமான வழி என்றே நினைக்கிறேன். 2020இல் அந்தக் கழித்தல்கள் நீக்கப்பட்டன. 2024 ஆட்டக்காரர் கையேட்டில் ஓர்க், மனிதருக்கும் எல்ஃபுக்கும் பக்கத்தில் சாதாரணமாக நிற்கிறது. இதை மனதார வரவேற்கிறேன். பிறந்ததாலேயே கெட்டவன் என்ற எண்ணம் போக வேண்டியதுதான். ஆனால் போன இடம் காலியாகக் கிடக்கிறது. உங்கள் இன்னொரு நண்பர் ‘பச்சைத் தோல் போர்த்திய மனிதன்’ என்று சொல்வது அந்தக் காலி இடத்தைப் பார்த்துத்தான். அதை நிரப்பும் வேலை ஒவ்வொரு மேஜைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

எப்படி நிரப்பலாம் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் டி அண்ட் டி-க்கு வெளியே இருக்கிறது. ரூன்குவெஸ்ட் விளையாட்டுக்காக 1982இல் கிரெக் ஸ்டாஃபோர்டும் சாண்டி பீட்டர்சனும் எழுதிய ‘டிரால்பேக்’. புத்தகங்கள் அடங்கிய ஒரு பெட்டி முழுக்க டிரால் என்ற அரக்க இனத்தைப் பற்றி மட்டுமே. க்ளோரான்தா என்ற அந்த உலகத்தில் டிரால்கள் தங்களை ‘உஸ்’ என்று அழைத்துக்கொள்கிறார்கள். பாதாளத்தின் இருட்டுதான் அவர்களுடைய பூர்வீகம். சூரியக் கடவுள் கொல்லப்பட்டுப் பாதாளத்துக்குள் இறங்கியபோது, அந்த வெளிச்சமும் சூடும் தாங்காமல் மேலே ஓடிவந்தார்கள். மனிதர்களின் கதையில் டிரால்கள் படையெடுத்து வந்தவர்கள். அவர்களுடைய கதையில் அவர்கள் அகதிகள். இந்த ஒரு விஷயம் போதும், அதன்பிறகு எந்த டிராலையும் வெறும் எதிரியாகப் பார்க்க முடியாது.

அதோடு நிற்கவில்லை. அவர்களுடைய உடம்பே வேறு. இருட்டில் ஒலியைக் கொண்டு உருவங்களை உணர்வார்கள். பகல் வெளிச்சம் ஒத்துக்கொள்ளாது, இரும்பு பட்டால் ஆகாது. கிட்டத்தட்ட எதை வேண்டுமானாலும் தின்பார்கள், பசி மட்டும் தீராது. ஆட்சி பெண்கள் கையில், வணங்கும் பெருந்தெய்வமும் ஒரு தாய். அந்தத் தாய்மையின் மேல்தான் ஒரு சாபம் விழுந்திருக்கிறது. பல தாய்மார்களுக்குக் கூளையான, வலுவற்ற பிள்ளைகளே கொத்தாகப் பிறக்கின்றன. அந்தப் பிள்ளைகளை அவர்கள் அடிமைகள்போல நடத்துகிறார்கள். பந்துக்குப் பதிலாக அப்படி ஒரு பிள்ளையை வைத்து ஆடும் விளையாட்டுக்கூட உண்டு. படிக்கும்போது வயிற்றைப் பிசையும். டிரால்களை நல்லவர்களாக்கி நம்மிடம் சிபாரிசு செய்ய அந்த ஆசிரியர்கள் முயலவே இல்லை. அவர்களுடைய கொடுமைக்கும் துயரத்துக்கும் ஒரே வேர் என்று காட்டினார்கள். அதைப் படித்துவிட்டு டிராலாக ஆடுபவர், சந்தையில் ஒரு மனிதக் குழந்தையைப் பார்த்தாலே என்ன நினைப்பது என்று ஒருமுறை யோசிக்க வேண்டியிருக்கும். அரக்கனாக ஆடுவதிலிருந்து நான் எதிர்பார்ப்பது அந்த யோசனையைத்தான்.

இன்னொரு வழி இருக்கிறது, உங்கள் நண்பர் அதைத்தான் கேட்பார் என்று தோன்றுகிறது: இனமே கெட்டது, நான் மட்டும் நல்லவன், தப்பி வந்துவிட்டேன். 1988இல் ஆர். ஏ. சால்வடோரின் நாவலில் அறிமுகமான ட்ரிஸ்ட், கொடிய இனம் என்று பேரெடுத்த ட்ரோ எல்ஃப், இதைப் பிரபலமாக்கினான். நாவலில் அவனை எனக்கும் பிடிக்கும். ஆனால் மேஜையில் இந்த அச்சை நான் ஊக்குவிப்பதில்லை. ஒருவன் விதிவிலக்கு என்றால் விதி அப்படியே நிற்கிறது என்றுதானே பொருள்? மற்றக் காப்ளின்களை வெட்டுவதற்கு, கூட இருக்கும் நல்ல காப்ளினே சாட்சியாகிவிடுவான்.

சரி, சனிக்கிழமைக்கு வருவோம். புத்தகம் எழுதும் அளவுக்கு உங்களுக்கு நேரம் இருக்காது, தேவையும் இல்லை. நண்பரிடம் மூன்று விஷயங்களை மட்டும் கேளுங்கள்: உன் ஆட்கள் எதற்குப் பயப்படுவார்கள், செத்தவர்களை என்ன செய்வார்கள், ட்வார்ஃப்களைப் பற்றிக் குழந்தைகளுக்கு என்ன கதை சொல்வார்கள்? பாத்ஃபைண்டர் என்ற இதே வகை விளையாட்டில் காப்ளின்களுக்கு நாயும் குதிரையும் ஆகாது. எழுத்து என்பது தலைக்குள்ளிருந்து சொற்களைத் திருடிவிடும் என்ற நம்பிக்கையும் அவர்களுக்கு உண்டு. உங்கள் பார்ட்டியில் (கேரக்டர்களின் குழுவில்) மந்திரப் புத்தகம் சுமக்கும் விசார்ட், அதாவது மந்திரவாதி, இருந்தால், ஒவ்வொரு இரவும் அவர் புத்தகத்தைத் திறக்கும்போது ஒரு காட்சி தானாக நடக்கும். அதே விளையாட்டின் இரண்டாம் பதிப்பு 2019இல் வந்தபோது காப்ளின்கள் அடிப்படைப் புத்தகத்துக்குள்ளேயே இடம்பிடித்தார்கள். ஆக, உங்கள் நண்பர் கேட்பது அபூர்வமான கோரிக்கை ஒன்றும் கிடையாது.

ட்வார்ஃபை மறந்துவிடாதீர்கள். டி அண்ட் டி-யின் 1978 விதிகளிலேயே காப்ளின்களையும் ஓர்க்குகளையும் தாக்கும்போது ட்வார்ஃப்களுக்குப் பகடையில் ஒன்று கூடும். பகை அவர்களுடைய இனத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது. ஆகவே அந்த நண்பரின் எதிர்ப்பு கேரக்டருக்குப் பொருத்தமானதே. அதை அடக்காமல் கதைக்குள் கொண்டுவாருங்கள். காவலுக்கு முதல் ஜாமம் யார் விழித்திருப்பது, காப்ளின் சமைத்ததை ட்வார்ஃப் சாப்பிடுவானா, ஊர் வாசலில் காவலாளி காப்ளினைத் தடுத்தால் ட்வார்ஃப் வாய் திறப்பானா? இவற்றுக்கு உடனே விடை சொல்லிவிட வேண்டாம், பல செஷன்களுக்குத் தாங்கும்.

நீங்கள் எல்லோருமே வாரக் கடைசியில் கவலையில்லாமல் குகைக்குள் புகுந்து வெட்டத்தான் கூடுகிறீர்கள் என்றால், அதிலும் தப்பில்லை. அப்படியானால் காப்ளினை அனுமதித்துவிட்டு, எதிரிகளாக எலும்புக்கூடுகளையும் ஜெல்லிகளையும் வையுங்கள். அவற்றுக்குக் குழந்தைகள் கிடையாது. 1979இல் டி அண்ட் டி-யின் தொடக்கப் பெட்டியோடு வந்த ‘கீப் ஆன் த பார்டர்லேண்ட்ஸ்’ சாகசத்தின் குகைகளில், ஓர்க்குகளின் பெண்களும் குழந்தைகளும்கூட எண்ணிக்கையோடு குறிப்பிடப்பட்டிருப்பார்கள். அவர்களை என்ன செய்வது என்று அன்றிலிருந்து மேஜைகளில் வாக்குவாதம் நடக்கிறது. அந்த வாக்குவாதம் உங்களுக்கு வேண்டுமா என்பதை ஐந்து பேரும் சேர்ந்து, ஆட்டத்துக்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

வேண்டும் என்றால் ஒரு யோசனை. புதிய காப்ளின், உங்கள் பார்ட்டி முதல் செஷனில் அழித்த அதே குகையிலிருந்து தப்பியவனாக இருக்கட்டும். இதை ஆட்டத்தின் நடுவில் திடீரென்று போட்டு உடைக்காதீர்கள். ட்வார்ஃபாக ஆடுபவரிடம் முதலில் தனியாகக் கேளுங்கள். அவர் சம்மதித்தால் மட்டும் செய்யுங்கள். தயங்கினால் வேறு குகை, வேறு ஊர் என்று வைத்துக்கொள்ளலாம்.